கனெக்டருக்கு பேனல்ல ஓட்டை: அரமா, ஸ்டெப் டிரில்லா, பஞ்ச்சா, லேசரா?

போர்டு டேபிள் மேல நல்லா ஓடுது, டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது, ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு பெட்டியும் வாங்கியாச்சு, இனிமே பின்பக்க பேனல்ல கனெக்டர் மாட்டணும்னு வர்றப்போ தான் பாதி பேர் நின்னுடறாங்க. கரண்ட் உள்ள வர ஒரு ஐஇசி சி14 சாக்கெட், கம்ப்யூட்டருக்கு ஒரு 9 பின் டி-சப் (பழைய சீரியல் போர்ட்டுல வர்ற டி ஷேப் கனெக்டர்), சிக்னலுக்கு ஒரு பிஎன்சி (மாட்டி திருகி பூட்டற வட்ட கனெக்டர்), சென்சாருக்கு ஒரு ஜிஎக்ஸ்16 (16 எம்எம் ஓட்டைல உக்கார்ற வட்ட கனெக்டர்), அப்புறம் ஒரு நெட்வொர்க் ஜாக். அஞ்சுக்கும் அஞ்சு விதமான ஓட்டை. எந்த டூல் வாங்கறதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க: ஓட்டை வட்டமா இல்லையா, பெட்டி எத்தனை. இது ரெண்டும் தெரிஞ்சா பாதி ஆப்ஷன் தானா கழிஞ்சு போயிடும். நான் மனசுல வச்சு பேசறது 16 கேஜ் ஷீட், அதாவது 1.6 எம்எம் அலுமினிய பெட்டி, இல்லன்னா அதே கனத்துல பெயின்ட் அடிச்ச இரும்புப் பெட்டி. பிளாஸ்டிக் பத்தி நடுவுல கொஞ்சம் சொல்றேன்.

வட்ட ஓட்டைன்னா யோசிக்கவே வேணாம், ஸ்டெப் டிரில் வாங்குங்க, அதாவது படிப்படியா பெருசாகிற கூம்பு மாதிரி பிட். சாதாரண டிரில் பிட்ட வச்சு மெல்லிசான ஷீட்ல 10 எம்எம்முக்கு மேல போட்டா ஓட்டை வட்டமா வராது, மூணு மூலையா வரும். ஏன்னா பிட்டோட முனை அந்தப் பக்கம் போனதும் அதப் பிடிச்சு நேரா வைக்க மெட்டல் இல்ல, வெட்டற விளிம்பு ஆட ஆரம்பிச்சுடும், கடைசி நிமிஷத்துல ஷீட்ட கவ்வி சுத்திவிட்டுடும். கையில பிடிச்சிருந்தா கை போச்சு, அதனால எப்பவும் கிளாம்ப் போடுங்க, கீழ ஒரு மரக்கட்டை வைங்க, டிரில்லுக்குப் பக்கத்துல துணி கிளவுஸ் வேணவே வேணாம். ஸ்டெப் டிரில்ல இந்த ஆட்டம் கிடையாது, ஒவ்வொரு படியும் முன்னாடி போட்ட ஓட்டைல உக்காந்து அடுத்த படிய வெட்டும். வேகம் கம்மி, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய், அவ்வளவு தான். அளவு வந்ததும் அடுத்த படிய லேசா தொட்டு எடுத்தா முன்பக்க பிசிறும் போயிடும்.

கடைல பொதுவா கிடைக்கறது 4-12, 4-20, 4-32 எம்எம்னு மூணு சைஸ். வாங்கறப்போ படி கணக்க பாத்து வாங்குங்க, பெரிய பிட் ரெண்டும் பெரும்பாலும் ரெண்டு ரெண்டு எம்எம்மா தான் ஏறும். ஜிஎக்ஸ்16க்கு 16, ஜிஎக்ஸ்12க்கு 12, ரெண்டுமே படில வந்துடும். பிஎன்சி தான் இடிக்கும், அதுக்கு வேண்டியது 9.5 சுமாரு, படில இருக்கறது 8, அடுத்து 10. 10 போட்டு நட்ட இறுக்கினா உக்காரும், ஆனா நாளைக்கு கேபிள மாட்டி திருகறப்போ கனெக்டரே சேந்து சுத்தும், உள்ள ஒயர் முறுக்கிட்டு அறுந்து போகும். பிஎன்சி உடம்புல ஒரு பக்கம் தட்டையா இருக்கறது இதுக்குத் தான், ஓட்டையும் அந்த மாதிரி ஒரு பக்கம் தட்டையா இருக்கணும். 8ல நிறுத்திட்டு வட்ட அரத்தால மூணு பக்கத்த மட்டும் தள்ளி, நாலாவது பக்கத்த தட்டை அரத்தால சரி பண்ணி, அஞ்சு தடவை கனெக்டர போட்டுப் போட்டுப் பாத்தா அம்சமா உக்காரும். இந்த வேலைய பிஎன்சிக்கு செய்யறவங்க ரொம்ப கம்மி, முக்காவாசி பேர் பல் வாஷர போட்டு இறுக்கிட்டுப் போயிடறாங்க, அதுவும் ஓரளவுக்கு தாங்கும்.

இப்போ டி-சப். 1952ல கேனன் கம்பெனி (பின்னாடி ஐடிடி கேனன் ஆச்சு) கொண்டு வந்த டிசைன், இன்னைக்கும் பிஎல்சி (ஃபேக்டரி மெஷின ஓட்டற கம்ப்யூட்டர்), மெஷின் கன்ட்ரோலர்னு எங்க பாத்தாலும் இருக்கு, ஆனா கையால ஓட்டை போடறவனுக்கு இத விட எரிச்சலான கனெக்டர் கிடையாது. ரெண்டு பக்கமும் 10 டிகிரி சாஞ்ச சரிவகம், மூலை எல்லாம் உருண்டை, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ ஓட்டை, 9 பின்னுக்கு அந்த ரெண்டுக்கும் நடுவுல 25 எம்எம், 25 பின்னுக்கு 47. உண்மையான கஷ்டம் ஷேப்புல இல்ல, மறைக்க இடம் இல்லாததுல. 9 பின் கனெக்டரோட தகடு மொத்த உயரமே 12.5 எம்எம் தான், ஓட்டை உயரம் 11.5 பக்கம் வந்துடும், அப்போ மேலயும் கீழயும் தகடு மூடறது அரை எம்எம். அரம் ஒரு இழுப்பு அதிகமா போனா வெளில வெளிச்சம் தெரியும். கனெக்டர பேனலுக்கு பின்னாடிலேந்து மாட்டினா இன்னும் மோசம், தகடு உள்ள போயிடும், நீங்க வெட்டின விளிம்பு முழுசா வெளில நிக்கும். பக்கவாட்டுல ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடு ஓட்டைக்கும் இடைல மிஞ்சற மெட்டல் ஒரு எம்எம் சொச்சம், அத கிழிச்சுட்டா பேனல் வீண்.

ஒரு பெட்டிக்கு மட்டும்னா கையாலயே முடிக்கலாம். மாஸ்கிங் டேப்ப ஒட்டி, டிராயிங்க 1:1ல பிரின்ட் எடுத்து அது மேல ஒட்டி, மொதல்ல ஸ்க்ரூ ஓட்டை ரெண்டையும் சென்டர் பஞ்ச் அடிச்சு 3.1 இல்ல 3.2ல போட்டுடுங்க. நடு ஓட்டைய வெட்டிட்டு ஸ்க்ரூ ஓட்டைய குறிச்சா அரை எம்எம் தள்ளிப் போகும், அப்புறம் ஓவலாக்கி ஓவலாக்கி அசிங்கமாயிடும். அடுத்து கோட்டுக்கு உள்ள 3 எம்எம் ஓட்டைய வரிசையா நெருக்கமா போட்டு, நடுத்துண்ட வெளிய எடுத்து, மிச்சத்த அரத்துல கோடு வரைக்கும் கொண்டு வரணும். அலுமினியம் அரத்தோட பல்லுல ஒட்டிக்கிட்டு பேனல கீறும், அரத்து மேல சாக்பீஸ தேச்சுட்டு இழுத்தா அந்தத் தொல்லை கம்மி. பழகின கைக்கே ஒரு 9 பின்னுக்கு அரை மணி நேரம் போயிடும், மாட்டற ஸ்க்ரூவும் 4-40 அமெரிக்க திரெட், நம்ம ஊர் 3 எம்எம் ஸ்க்ரூ (எம்3) போட்டா ரெண்டு சுத்து போய் இறுகிக்கும், அத வலுக்கட்டாயமா திருகி கெடுக்காதீங்க.

அரத்துக்கு பதிலா என்ன இருக்குன்னா, கை நிப்ளர் ஒன்னு இருக்கு, ஷீட்ட கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு கடிச்சு எடுக்கும், நேர்கோட்டு செவ்வகத்துக்கு நல்லது. கையால அமுக்கறதுக்கு அலுமினியம் 1.6 தான் எல்லை, இரும்புன்னா 18 கேஜ் வரைக்கும், அதுவே கை வலிக்கும். டி-சப்போட சரிஞ்ச ஓரத்துக்கு அது பெருசு. சின்ன ரோட்டரி டூல்ல கட்டிங் டிஸ்க் போட்டு வெட்டறவங்கள நெறைய பாக்கறேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, டிஸ்க் வட்டம்கறதால மூலைல முன்பக்கம் கோட்ட தாண்டினா தான் பின்பக்கம் அறுபடும், அலுமினியம் வேற டிஸ்க்க அடைச்சுடும். உண்மைலயே நல்ல கருவி வேணும்னா நகை ஆசாரிங்க தகடு அறுக்க வச்சிருக்காங்களே சின்ன வில் ரம்பம், அது தான். ஒரு ஓட்டை வழியா பிளேட கோத்து, கோட்ட ஒட்டியே வளைச்சு வளைச்சு அறுக்கலாம், அப்புறம் அரத்துக்கு ரெண்டு நிமிஷ வேலை தான் மிச்சம். பிளேடு உடையும், டஜனா வாங்கி வச்சுக்கோங்க.

ஐஇசி சாக்கெட்டுல ஒரே ஒரு முடிவு தான்: கையால வெட்டறதா இருந்தா கிளிப்ல கவ்வற மாடல தொடாதீங்க, ஸ்க்ரூ மாடல் வாங்குங்க. கிளிப் மாடலுக்கு ஓட்டை அளவும் துல்லியமா இருக்கணும், ஷீட் கனமும் அந்த கிளிப்புக்கு சொன்னதா இருக்கணும், 1 எம்எம்முக்கு ஒரு பார்ட், 1.5க்கு ஒன்னு, 2க்கு ஒன்னுன்னு தனித்தனியா விக்கறாங்க. கொஞ்சம் லூசா இருந்தா பிளக்க அழுத்தறப்போ சாக்கெட் பெட்டிக்குள்ள போகும், உள்ள இருக்கறது 230 வோல்ட். ஸ்க்ரூ மாடல்ல ரெண்டு காதுக்கும் நடுவுல 40 எம்எம், ஓட்டை 28க்கு 20 சுமாரு, மேல் மூலை ரெண்டும் சரிவா இருக்கும், ஆனா ஓட்டைய முழு செவ்வகமா போட்டாலும் தகடு மூடிக்கும். டி-சப்ப பாத்துட்டு வந்தா இது ரொம்ப சுலபம். ஃபியூசும் சுவிட்சும் சேந்த பெரிய மாடல் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதுக்கு கைல சாமான வச்சு வெர்னியர்ல அளந்துட்டு தான் கோடு போடணும், இணையத்துல கிடைக்கற படத்த நம்பி இறங்கக்கூடாது.

ஆனா இவ்வளவு கஷ்டத்துக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, கனெக்டரயே மாத்திடறது. ஆடியோக்காரங்க பல வருஷமா பண்றது தான். நியூட்ரிக் கம்பெனியோட டி சைஸ்னு சொல்றாங்க, 24 எம்எம் வட்ட ஓட்டை ஒன்னு, மூலைவிட்டமா ரெண்டு சின்ன ஸ்க்ரூ ஓட்டை, பக்கவாட்டுல 19, உயரத்துல 24 தள்ளி. இந்த ஒரே ஓட்டைல எக்ஸ்எல்ஆர் (மைக் கனெக்டர்) மாட்டலாம், நெட்வொர்க் ஜாக் மாட்டலாம், யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, பிஎன்சி எல்லாமே இந்த அளவுல வருது, ஒன்னும் வேணாம்னா மூடி போட்டு அடைச்சுடலாம். 4-32 ஸ்டெப் டிரில்ல 24 படி இருக்கு, 4-20ல இல்ல, வாங்கறப்போ இத ஞாபகம் வச்சுக்கோங்க. யூஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைய நேரடியா பேனல்ல அரத்தால வெட்ட நினைக்கறவங்களுக்கு என் பதில் எப்பவுமே இது தான், சின்ன செவ்வகத்த கூர் மூலையோட வெட்டறதுக்கு படற பாட்டுக்கு ஒரு டி சைஸ் வாங்கிடலாம். காசு கூட தான், ஒரு பீஸ் சாதா ஜாக்க விட பல மடங்கு ஆகும். சீரியல் போர்ட்டுக்கும் அதே யோசனை தான், எதிர்ல இருக்கற மெஷின்ல டி-சப் இருந்தா கேபிள்ல ஒரு முனைல டி-சப் போடுங்க, பெட்டில ஜிஎக்ஸ்16 வைங்க. ஆனா ஜிஎக்ஸ் வகைய 230 வோல்ட்டுக்கு மட்டும் வைக்காதீங்க, அது சென்சாருக்கும் சின்ன வோல்ட்டேஜுக்கும் தான்.

டி-சப் வச்சே ஆகணும், கஸ்டமர் கேக்கறார், பெட்டியோ ரெடிமேட், அப்போ என்ன பண்றது? எனக்கு ரொம்ப பிடிச்ச வழி ஒட்டுத்தகடு. பெட்டில பெரிய செவ்வகம் ஒன்ன முரட்டுத்தனமா வெட்டிடுங்க, ஜிக்சாவோ நிப்ளரோ எதுவோ, கோடு நெளிஞ்சா பரவால்ல. அத மூடற மாதிரி நாலு மூலைல ஸ்க்ரூ போட்ட ஒரு சின்னத் தகடு, அந்தத் தகட்டுல தான் டி-சப், பிஎன்சி ஓட்டை எல்லாம் துல்லியமா இருக்கும், அத வெளில குடுத்து வெட்டி வாங்கறீங்க. தட்டையான சின்ன பீஸ்ங்கறதால செலவு கம்மி, நாளைக்கு கனெக்டர் மாறினா தகட்ட மட்டும் மாத்தினா போதும், பெட்டி அப்படியே இருக்கும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்ல மதர்போர்டு வாங்கறப்போ கூட ஒரு தகடு வருதே, கேபினட்ல இருக்கற பெரிய செவ்வக ஓட்டைல பொருத்தறது, அதே ஐடியா தான்.

இந்தத் தகட்ட பிசிபியாவே, அதாவது சர்க்யூட் போர்டாவே, வெளிநாட்டுலேந்து ஆர்டர் பண்றது இப்போ சகஜமாயிடுச்சு. 1.6 எம்எம் எஃப்ஆர்4 (கண்ணாடி நார் போர்டு), கருப்பு மாஸ்க் (மேல்பூச்சு), அதுல வெள்ளை எழுத்துல கனெக்டர் பேரு எல்லாம் அச்சாகி வந்துடும், தனியா ஸ்டிக்கர் வேணாம். சின்ன சைஸ்ல அஞ்சு பீஸ் வாங்கற விலைக்கு உள்ளூர்ல ஒரு தகடு கூட வெட்டித் தரமாட்டாங்க, கப்பல் ஏறி வர நாளையும் கஸ்டம்ஸையும் கணக்குல வச்சுக்கோங்க. ரவுட்டர் பிட் வட்டமா இருக்கறதால உள்மூலை கூரா வராது, ஒரு எம்எம் பக்கம் உருண்டை நிக்கும், டி-சப்புக்கு அது பிரச்சனையே இல்ல, அது மூலையே உருண்டை தானே. டி-சப் தகடு உக்கார்ற இடத்துல மட்டும் மாஸ்க்க எடுத்து செம்ப தொறந்து வச்சா கனெக்டரோட மெட்டல் கூடுக்கு, அதாவது ஷெல்லுக்கு, கிரவுண்டும் கிடைக்கும். ஆனா அகலமா 200, 250 எம்எம்னு போனா எஃப்ஆர்4 வளையும், பிளக்க அழுத்தறப்போ உள்ள போயிட்டு வரும், அது நல்லா இருக்காது. கரண்ட் சாக்கெட்ட நான் இதுல வைக்க மாட்டேன், அது பெட்டியோட இரும்புலயே இருக்கட்டும்.

3டி பிரின்ட் பத்தி கேக்கறவங்களுக்கு, மாடல் போட்டுப் பாக்க அருமை, ஓட்டைக்கு 0.2 இல்ல 0.3 தாராளமா விட்டா கனெக்டர் உக்காரும். பிஎல்ஏ (3டி பிரின்டர்ல போடற பிளாஸ்டிக்) 60 டிகிரிலயே இளகிடும், தீ பிடிச்சா எரியும், அதனால 230 வோல்ட் பக்கம் வேணாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டில ஓட்டை போடறதுக்கு ஸ்டெப் டிரில்லும் அரமும் தாராளம், சால்டரிங் அயர்ன உள்ள விட்டு உருக்கற பழக்கம் மட்டும் வேணாம், விளிம்பு கட்டிகட்டியா நிக்கும், புகையும் நல்லதில்ல. பிவிசி ஷீட்ட லேசர்ல வெட்டச் சொல்லாதீங்க, குளோரின் கலந்த புகை வரும், மெஷினும் கெடும் ஆளும் கெடுவான், நல்ல கடைக்காரன் தொடவே மாட்டான்.

பஞ்ச் பத்தி. பேனல் போர்டு கட்டறவங்க கைல இருக்கும், நடுவுல ஒரு சின்ன ஓட்டை போட்டு ஸ்டட்ட (திரெட் போட்ட கம்பி) விட்டு, ஒரு பக்கம் டை (அச்சு), மறுபக்கம் பஞ்ச் (வெட்டற துண்டு), ஸ்பேனரால இறுக்கினா இல்ல ஹைட்ராலிக் பம்ப்ப அடிச்சா டப்புனு வட்டம் வெளிய வந்துடும். புஷ் பட்டனுக்கு 22.5 ஓட்டைய ஒரு நாளைக்கு நூறு போடறவங்களுக்கு இது இல்லாம முடியாது. டி-சப் ஷேப்லயும் சதுரத்துலயும் பஞ்ச் இருக்கு, வெட்டு அவ்வளவு சுத்தம், ஆனா ஒவ்வொரு ஷேப்புக்கும் தனி செட், ஒவ்வொன்னும் நல்ல விலை. ஹாபிக்கு வாங்கறது வீண்னு தான் சொல்வேன். ஒரே ஒரு இடத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல: ஏற்கனவே ஒயரிங் முடிஞ்சு ஓடிட்டிருக்கற பேனல்ல புதுசா ஒரு ஓட்டை. டிரில்லும் அரமும் சீவல உள்ள கொட்டும், ஒரே ஒரு அலுமினிய சுருள் பிரேக்கர் டெர்மினலுக்கு நடுவுல விழுந்தா போதும். பஞ்ச்ல சீவலே இல்ல, வட்டமா ஒரு காசு மட்டும் விழும், ஸ்டட்டுக்கான சின்ன ஓட்டைக்கு மட்டும் கீழ டேப் ஒட்டி கிரீஸ் தடவிக்கிட்டா போதும். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு தான் இதெல்லாம்னு தனியா சொல்ல வேண்டியதில்லன்னு நினைக்கறேன்.

பெட்டி நாலஞ்சுக்கு மேல போயிடுச்சுன்னா லேசர் தான், அங்க வேற பேச்சே இல்ல. அம்பத்தூர், கோயம்புத்தூர் பக்கம் எல்லாம் ஃபைபர் லேசர் வச்சு வெட்டிக் குடுக்கற பட்டறை ஏகப்பட்டது. ஒரு ஓட்டைக்கும் இருபது ஓட்டைக்கும் அவங்களுக்கு பெரிய வித்தியாசம் இல்ல, வட்டமும் டி-சப்பும் அவங்களுக்கு ஒன்னு தான், கூர் மூலையும் வரும். காசு போறது மினிமம் பில்லுல, அதனால ஒரு பீஸ்க்கு போனா விலை கடிக்கும், பத்து பீஸ்க்கு போனா கையால அரம் போடறத விட சல்லிசு. ஆனா தட்டை ஷீட்ட தான் வெட்டுவாங்க, மடிச்சு பெயின்ட் அடிச்சு வந்த ரெடிமேட் பெட்டிய தூக்கிட்டுப் போனா பெரும்பாலும் கையெடுத்து கும்பிட்டு அனுப்பிடுவாங்க, பேனல் தனியா கழட்டற மாதிரி பெட்டி வாங்கறது இதுக்குத் தான்.

லேசருக்கு குடுக்கறதுல வேலை எல்லாம் டிராயிங்ல தான் இருக்கு. டிஎக்ஸ்எஃப் ஃபைல்ல அளவு எம்எம்மா அங்குலமான்னு வாயாலயும் சொல்லிடுங்க, ஒரே கோடு ரெண்டு தடவை மேல மேல இருந்தா மெஷின் ரெண்டு தடவை வெட்டும், அதையும் பாத்துடுங்க. பவுடர் கோட்டிங் அடிக்கப் போறீங்கன்னா பெயின்ட் ஒரு பக்கத்துக்கு 60லேந்து 100 மைக்ரான் ஏறும், ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் சேத்து 0.2 சுருங்கிடும்னு வச்சு பெருசா போடுங்க, ஷீட் கனமும் அதே அளவு கூடும், கிளிப் ஐஇசி வச்சிருந்தா அது சிக்கும். மடிக்கற கோட்டுக்கு ரொம்ப பக்கத்துல ஓட்டை வேணாம், மடிக்கறப்போ இழுத்துக்கும், கனத்த போல மூணு மடங்காவது தள்ளி வைங்க. அனுப்பறதுக்கு முன்னாடி 1:1ல பேப்பர்ல எடுத்து, அட்டைல ஒட்டி, பிளேடால அறுத்து கனெக்டர மாட்டிப் பாருங்க, பேனலுக்கு முன்னாடிலேந்தா பின்னாடிலேந்தான்னு அப்போ தான் நெறைய பேருக்கு உறைக்கும், ஏன்னா டி-சப்புக்கு ரெண்டுக்கும் ஓட்டை அளவு வேற வேற. சிஎன்சி மில்லிங்கும் இதே மாதிரி தான், உள்மூலைல பிட்டோட உருண்டை நிக்கும், விலை கூட, 3 எம்எம்முக்கு மேல கனமான முன்பக்க பேனல், பள்ளம், சாய்வு எல்லாம் வேணும்னா மட்டும் அங்க போங்க.

அப்போ ஆரம்பத்துல சொன்ன அஞ்சு கனெக்டர் பெட்டிக்கு என் சாய்ஸ் என்னன்னா, ஒரு பெட்டி தான்னா: 4-32 ஸ்டெப் டிரில் ஒன்னு, நல்ல ஊசி அரம் செட் ஒன்னு, நெட்வொர்க்க டி சைஸ்ல எடுத்து, டி-சப்ப முடிஞ்சா ஜிஎக்ஸ்ஸா மாத்தி, ஐஇசி ஸ்க்ரூ மாடல், ஒரு சாயங்காலத்துல முடியும். ரெண்டு மூணு பெட்டி, டி-சப் கட்டாயம்னா ஒட்டுத்தகடு பிசிபியா. அதுக்கு மேல லேசர், யோசிக்காம. பஞ்ச் தொழிலா பண்றவங்களுக்கு.

எந்த வழில போனாலும் ரெண்டு விஷயத்த வெட்டறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. ஒன்னு, பேனல் கனம். 3 எம்எம் கெட்டியா அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்தா எஸ்எம்ஏ மாதிரி சின்ன கனெக்டர்ல நட் பிடிக்கவே திரெட் மிஞ்சாது, பின்னாடிலேந்து மாட்டின யூஎஸ்பில கேபிளோட ரப்பர் உடம்பு பேனல்ல இடிச்சு பிளக் முழுசா உள்ள போகாது, மாட்டின மாதிரி இருக்கும், அப்பப்போ கட் ஆகும். இன்னொன்னு எர்த். ஆனடைஸ் பண்ணின அலுமினியம் பாக்க மெட்டல், மேல் தோல் கரண்ட் கடத்தாது, பவுடர் கோட்டிங்கும் அப்படித் தான், கனெக்டரோட ஷெல் பெட்டிய தொடற மாதிரி இருந்தும் தொடாது. மீட்டர கன்டினியூட்டில வச்சு ஒரு முனைய ஐஇசியோட எர்த் பின்ல, இன்னொன்ன ஒவ்வொரு கனெக்டர் ஷெல்லுலயும் வைங்க, பீப் வரலன்னா ஸ்க்ரூவுக்கு கீழ அந்த இடத்த மட்டும் சுரண்டி பல் வாஷர் போடுங்க. பெட்டியோட எர்த் ஒயர மட்டும் எந்த கனெக்டர் ஸ்க்ரூவோடயும் சேக்காதீங்க, அதுக்குன்னு தனியா ஒரு ஓட்டை, தனி ஸ்க்ரூ, அந்த ஓட்டையையும் டிராயிங்லயே போட்டு அனுப்பிடுங்க.